மழையில் அழியாத பெயர்ப் பலகை! பித்தளையா, அலுமினியமா, எவர்சில்வரா?

கடைத்தெருவில் போகிறவர்கள் சற்றுத் தலை நிமிர்ந்து பார்த்தால் ஒரு மாறுதல் தெரியும். பழைய போர்டுகள் இறங்குகின்றன. புதிய போர்டுகள் ஏறுகின்றன.

இதற்கு ஒரு காரணம் சட்டம்.

கடையின் பெயர் தமிழில் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டில் வெகுகாலமாக உள்ள விதி. கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1948-ம் ஆண்டு விதிகளில் இது அடங்கியிருக்கிறது. மற்ற மொழிகளும் இருக்கலாம். ஆனால் தமிழே முதலிடத்தில், பெரிதாக இருக்கவேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் இருக்கவேண்டும் என்பது கணக்கு.

மற்ற மாநிலங்களிலும் இதே பேச்சுதான். மராட்டியத்தில் மராத்திப் பலகை வைக்க, 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு 2 மாதம் கெடு கொடுத்தது. கர்நாடகத்தில் பலகையின் 60 சதவீதம் கன்னடமாக இருக்கவேண்டும் என்று 2024-ல் சட்டம் வந்தது.

அவசரத்தில் ஆகும் நஷ்டம்

எந்த மொழியில் எழுதவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதில் எழுதவேண்டும் என்று சொல்லவில்லை. இங்கேதான் கடைக்காரர் ஏமாறுகிறார்.

கெடு நெருங்கியதும் அவர் அவசரமாக பிளெக்ஸ் அடிக்கிறார். காலையில் கொடுத்தால் மாலையில் கிடைக்கிறது. விலையும் குறைவு. ஆனால் வெயிலில் சாயம் வெளுக்கிறது. காற்றில் ஓரம் கிழிகிறது. பிறகு மறுபடியும் செலவு.

100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. கிழிந்த பிளெக்ஸைப் பழைய சாமான் கடையில் கொடுத்தாலும் காசு வராது.

உலோக எழுத்து அப்படியல்ல. முதலில் செலவு அதிகம். ஆனால் ஒழுங்காகச் செய்தால் அப்பா மாட்டிய பெயரின் கீழே மகன் உட்கார்ந்து வியாபாரம் செய்யலாம். கழற்றினாலும் எடைக்குக் காசு உண்டு.

எந்த உலோகம் நல்லது?

பித்தளை பழைய பெருமை உடையது. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. எளிதில் அரித்துப் போகாது. ஆனால் வீட்டுக் குத்துவிளக்கைப் போலவே கறுக்கும். துலக்க ஆள் வேண்டும். இல்லாவிட்டால் மேலே நிறமற்ற வார்னிஷ் பூசவேண்டும். வார்னிஷ் உரிந்தால் மீண்டும் பூசவேண்டும்.

அலுமினியம் எடை குறைந்தது. பழைய சுவருக்கும் பாரமாகாது. ஆனால் இரும்பு ஸ்குரு போட்டு அதை மாட்டினால் வம்பு. உப்பு ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்சாரம் போன்ற ஓட்டம் உண்டாகிறது. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாக உதிர்கிறது. நடுவில் நைலான் வாஷர் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

எவர்சில்வர்தான் இப்போது அதிகம் விலைபோகிறது. அதில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய கவசம் போல மேலே படிகிறது. கீறல் விழுந்தாலும் அந்தக் கவசம் தானே வளர்ந்துவிடும். அதனால்தான் துரு ஏறுவதில்லை.

காந்தம் சொல்லாத உண்மை

எவர்சில்வரிலும் ஜாதிகள் பல. 304 என்ற வகையில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. ஊருக்குள் இருக்கும் கடைக்கு இது போதும். 316 என்ற வகையில் சுமார் 2 சதவீதம் மாலிப்டினமும் சேர்ந்திருக்கும். கடல் உப்பு, எவர்சில்வரின் கவசத்தைத் துளைக்கக் கூடியது. மாலிப்டினம் அதை எதிர்த்து நிற்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் கடலோரமாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதுவே ஏற்றது.

202 என்று ஒரு மலிவு ரகம் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்தது. புதிதாக இருக்கும்போது பளபளக்கும். கடற்காற்று பட்டால் பழுப்புப் புள்ளி விழும்.

"காந்தம் ஒட்டவில்லை, நல்ல எவர்சில்வர்தான்" என்று சிலர் சொல்வார்கள். நம்பக் கூடாது. 202 வகையிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. 304, 316 என்று பில்லில் எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

மூன்று சுழியும் ஒரு புள்ளியும்

முன்பு பித்தளைத் தகட்டை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி எழுத்துச் செய்தார்கள். இல்லையென்றால் மணல் அச்சில் வார்த்தார்கள். இன்று கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். லேசர் கதிர் தகட்டை வெட்டுகிறது. ஓரத்துக்கு நீண்ட பட்டையை வளைத்து, முகத் தகட்டோடு பற்றவைக்கிறார்கள். பின்புறம் போல்ட்டுகளை ஒட்டவைத்து, சுவரில் துளையிட்டு மாட்டுகிறார்கள்.

ஆங்கில 'எல்' எழுத்துக்கு ஆறே மூலைகள். மடித்தால் வேலை முடிந்தது. நம்முடைய மூன்று சுழி 'ண'வுக்கு அது நடக்காது. ஒவ்வொரு சுழிக்கும் உள்ளே தனிப் பட்டை வளைக்கவேண்டும். ஒரே உயரமுள்ள எழுத்தானாலும் வேலை கூடுதல். தமிழ் எழுத்துக்குக் கூலி அதிகம் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

இன்னொரு சங்கடம் புள்ளி. அது எழுத்தோடு ஒட்டியிராது. தனியாக நிற்கும். ஒரே போல்ட்டில் மாட்டினால் சீக்கிரம் ஆடிவிடும். 'பட்டு' என்று எழுதிய கடையில் புள்ளி விழுந்தால் 'படடு' ஆகிவிடும். தெருவே சிரிக்கும்! சிறிய புள்ளிக்கும் இரண்டு போல்ட் வேண்டும்.

தலைக்கு மேல் ஆபத்து

சிரிப்பதோடு போகாத விஷயமும் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னையில் ஒரு பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்தார். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் மாண்டார்கள்.

கடை எழுத்து அவ்வளவு பெரிதல்ல. ஆனால் கூரான உலோகம். அதன் கீழே குழந்தைகள் நடக்கிறார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களையே வேரோடு சாய்த்தது. அத்தகைய காற்றை நினைத்து மாட்டவேண்டும். எவர்சில்வர் எழுத்துக்கு எவர்சில்வர் போல்ட்டே போடவேண்டும். இரும்பு போல்ட் உள்ளுக்குள் துருப்பிடித்து அறுந்தால், எழுத்து புதிதாக இருந்தும் கீழே விழும்.

தூரிகை பிடித்தவர்கள்

பிளெக்ஸ் வந்தபோது போர்டு எழுதும் ஓவியர்கள் பலர் தொழிலை இழந்தார்கள். உலோக எழுத்து அவர்களுக்கு ஒரு வழி திறக்கக் கூடும்.

கம்ப்யூட்டரில் உள்ள எழுத்தை இடத்துக்குத் தக்கபடி இழுத்தால், ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் நூலாக மெலிகிறது. மெலிந்த இடத்தில் பற்றவைப்பு நிற்காது. பார்க்கவும் அழகில்லை. எந்தச் சுழி எவ்வளவு பருமன் என்பது ஓவியரின் கைக்குத் தெரியும். அவர் வரைந்து கொடுக்க, இயந்திரம் வெட்டினால் இருவருக்கும் பிழைப்பு உண்டு. பட்டறைக்காரர்கள் அவர்களைக் கூப்பிடவேண்டும்.

கடைக்காரர் கவனிக்க

பில்லில் உலோகத்தின் வகை எழுதியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

எழுத்து சுவரோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு நிற்கவேண்டும். பெட்டி போன்ற எழுத்தானால், மழைநீர் வடிய அடியில் சிறு துளை வேண்டும்.

உள்ளே எல்.இ.டி. விளக்கு வைத்தால், அதற்கு மின்சாரம் தரும் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பெரும்பாலும் முதலில் கெடுவது அதுதான்.

மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துடைத்தால் உப்பு போகும். ஆசிட் ஊற்றித் தேய்க்கவே கூடாது. அது எவர்சில்வரின் கவசத்தையே தின்றுவிடும்.

முழுப் பெயரையும் உலோகத்தில் செய்யப் பணம் இல்லையா? தமிழ்ப் பெயரை மட்டும் உலோகத்தில் செய்து, விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் பெயிண்டில் எழுதிக்கொள்ளலாம். விலாசம் மாறும். நம்பர் மாறும். பெயர் மாறுவதில்லை.

சட்டத்துக்குப் பயந்து வைத்த பலகை கெடு முடிந்ததும் கிழியும். பார்த்து, கேட்டு, முறையாகச் செய்த எழுத்து அடுத்த தலைமுறைக்கும் கடையின் பெயரைச் சொல்லும்.