பேச்சு நம் கரைக்கு வரட்டும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

நூலகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? "அமைதி காக்கவும்" என்று எழுதிய பலகைதான்! ஆனால் பேசுவதற்கென்றே மக்கள் கூடும் வேளையும் நூலகத்தில் உண்டு. எழுத்தாளர் ஒருவர் வருகிறார். தம் நூல் பிறந்த கதையைச் சொல்கிறார். கேட்போர் எழுந்து வினாத் தொடுக்கின்றனர். இந்நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பெரியவர்களுக்காக நடப்பவை. "பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நூலகம் வேண்டும். சம்பாதித்துக் களைத்து வரும் பெரியவர்களுக்கு எதற்கு?" என்று எங்கள் வீடுகளிலேயே கேட்கிறார்கள். அதற்கு எங்களுக்குத் தெரிந்த விடையைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

திருவள்ளுவர் 'கல்வி' என்று ஓர் அதிகாரம் பாடினார். அடுத்துக் 'கல்லாமை' பாடினார். அதற்கும் அடுத்துக் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்தை வைத்தார். படிக்க வாய்ப்பில்லாமல் போனவனும் கற்றவர் சொல்லைக் கேட்கட்டும், தளர்ந்த நேரத்தில் அது அவனுக்கு ஊன்றுகோலாகும் என்பது அவர் கருத்து. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட தாய்மாரும், பதினைந்து வயதில் படகேறிய தந்தையரும் நிறைந்த நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை உண்டா?

நம் சென்னையில் இந்தக் கேள்விச் செல்வத்துக்குக் குறைவில்லை. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-ஆம் ஆண்டு முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. 2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அங்குக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பார்வையற்றோருக்குப் பிரெய்ல் நூல்கள் உண்டு. ஆயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கமும் உண்டு. 'பொன்மாலைப் பொழுது' என்ற பெயரில் சனிக்கிழமை மாலைகளில் எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் அழைத்துப் பேசச் செய்யும் நிகழ்ச்சி அங்குப் பெயர் பெற்றது. கட்டணம் இல்லை. யாரும் போகலாம்.

யாரும் போகலாம், ஆனால் யார் போக முடிகிறது? திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் செல்ல வேண்டும். போகவும் வரவும் ஏறத்தாழ மூன்று மணி நேரம். எண்ணூரிலிருந்து என்றால் இன்னும் கூடுதல். மாலைக் கூட்டம் முடிந்து வீடு திரும்புவதற்குள், காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர் உறங்கியிருக்க வேண்டிய நேரம் வந்துவிடும். பிற்பகல் இரண்டு மணி ஷிப்டுக்காரரோ அப்போது இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருப்பார். எங்கள் அம்மாமார்களுக்கு மாலை ஆறு மணி என்பது அடுப்பு மூட்டும் நேரம். நூலகத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. அவர்களுடைய நேரம்தான் பூட்டிக் கிடக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு நூலகத்தில் நடந்த எழுத்தாளர் கூட்டத்துக்கு அவள் தன் அம்மாவை அழைத்தாள். அவர் காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்பவர். "நான் வந்தா உள்ள வுடுவாங்களா? எம் மேல மீன் வாசம் அடிக்குமேடி!" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் அதை எங்களிடம் சொன்னபோது நாங்களும் சிரிக்கவில்லை. அந்த வாசத்தில் வந்த காசில்தானே அவள் சீருடையும் புத்தகமும் வாங்கினாள்! தம் மகளைப் படிக்க வைக்கும் ஒருவர், நூலகத்தின் வாசலைத் தமக்கு உரியதன்று என்று எண்ணுவது யார் குற்றம்? நிச்சயமாக அவர் குற்றமன்று.

உண்மையில் நூலகம் அவருக்கும் சொந்தம். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதலாவது சட்டம். அது வருவதற்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர், சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ். ஆர். அரங்கநாதன். அச்சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. இன்று நூறு ரூபாய் சொத்து வரி கட்டினால் பத்து ரூபாய் நூலகத்துக்கு. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒற்றை அறையில் குடியிருப்பவரும் நூலகத்துக்குப் பணம் தருகிறார் என்றே சொல்ல வேண்டும். அவர் அங்கு விருந்தாளி அல்லர், உரிமைக்காரர்.

"உழைத்துக் களைத்தவர்கள் பேச்சுக் கேட்க வருவார்களா?" என்பது அடுத்த தடை. வடசென்னையின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து ஒரு பக்தி சபையில் சொற்பொழிவு கேட்கக் கூடினார்கள். சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அவர்களுடைய துன்பங்களையும் காது கொடுத்துக் கேட்டார்கள். திரு.வி.க. போன்ற அறிஞர்கள் வந்து பேசினார்கள். அந்தக் கூட்டங்களின் வழியே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. முறைப்படி அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவிலேயே முதலாவது என்று அது போற்றப்படுகிறது. களைப்போடு வந்து கேட்டவர்கள் கண் திறந்து எழுந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? இன்றும் கோயில் உபன்னியாசத்திலும், தவக்கால தியானத்திலும், பட்டிமன்றத்திலும் அதே களைத்த மனிதர்கள் இரவு வெகுநேரம் அமர்ந்திருப்பதை நாம் காணவில்லையா?

"இப்போது எல்லாப் பேச்சையும் கைப்பேசியிலேயே கேட்கலாமே!" என்பாரும் உளர். கேட்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் வருபவரிடம் எழுந்து நின்று, "ஐயா, நீங்கள் சொன்னது எங்கள் தெருவில் அப்படி இல்லையே" என்று சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஐயத்தோடு அருகில் அமர்ந்திருப்பதைப் பார்க்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போயின. கழிமுகம் என்றால் என்ன, எண்ணெய் அதில் என்ன செய்யும், மனு எழுதுவது எப்படி, யாரிடம் கொடுப்பது என்று ஒருவர் வந்து விளக்கி, வினாக்களுக்கும் விடை சொல்லும் இடம் ஊருக்கு ஒன்று தேவை. கிளை நூலகத்தைவிட அதற்கு ஏற்ற இடம் எது?

இராயப்பரின் பெயரால் அமைந்தது என்று நம் பெரியவர்கள் சொல்லும் இராயபுரத்தில், அப்புனிதரின் ஆலயம் இருப்பதை நாமறிவோம். அந்த இராயப்பரின் படகில்தான் ஆண்டவர் இயேசு அமர்ந்து, கரையில் நின்ற மக்களுக்குப் போதித்தார். மீனவர்கள் வலை அலசிக்கொண்டிருந்த இடத்துக்கு அவரே வந்தார். இதை நற்செய்தியில் கேட்கும் நாம், பேச்சு கரைக்கு வரலாம் என்பதை மட்டும் ஏன் மறந்தோம்? 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூல் வண்டியேறிப் போயிற்று. பேச்சு போகக் கூடாதா?

ஆகவே பெரியோர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். நம் பகுதிக் கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் மாதம் ஒருமுறையாவது கூடட்டும். ஒரு மாதம் ஞாயிறு காலைப் பூசைக்குப் பின், மறுமாதம் பெண்களுக்கு ஓய்வுள்ள பிற்பகல் மூன்று மணிக்கு என்று நேரம் மாறி வரட்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்நாட்களில் காசிமேட்டிலேயே நிகழ்ச்சி நடக்கட்டும். 'கறுப்பர் நகரம்' எழுதிய கரன் கார்க்கி போல, வடசென்னை மக்களின் வாழ்வை நாவலாக்கியவர்கள் வந்து பேசட்டும். எழுத்தாளர் மட்டுமே பேச வேண்டும் என்பதும் இல்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவரும், கடலின் நிறம் பார்த்துக் காற்றைச் சொல்லும் முதியவரும் பேசட்டும், எழுத்தாளர் கேட்கட்டும். அவருக்கும் அடுத்த நூலுக்குப் பொருள் கிடைக்கும்!

கேட்பது மட்டும் எங்கள் வேலையன்று. கைக்குழந்தையை விட்டுவிட்டு எப்படி வருவது என்பது பல தாய்மாரின் கவலை. கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரமும் நூலகத்தின் ஒரு மூலையில் அக்குழந்தைகளுக்குக் கதை சொல்லி, படம் வரையச் செய்து பார்த்துக்கொள்ள, பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். சகோதரிகள் அனுமதி தந்து வழிகாட்ட வேண்டுகிறோம். பெற்றோரே, தாங்களும் ஒருமுறை வாருங்கள். எங்கள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடும் தங்கள் கை, நூலக உறுப்பினர் படிவத்திலும் ஒரு கையெழுத்து இடட்டும்.

முதல் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி ஒன்றை அந்த மீன் விற்கும் அம்மாவுக்காக நாங்கள் பிடித்து வைப்போம். வேலையை முடித்த கையோடு, கூடையோடு அவர் வரட்டும். வாசலில் நின்று அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம்.