பஞ்சு ஒட்டினால் பாடம் ஆகுமா?

குளிர்கால ஒலிம்பிக் வந்தால் போதும், நம் ஊர்ப் பள்ளிகள் சிலவற்றிலும் ‘ஆக்டிவிட்டி’ வந்துவிடுகிறது. சார்ட் பேப்பரில் ஐந்து வளையங்கள், பஞ்சு ஒட்டிய பனிமனிதன், பக்கத்தில் ஒரு பெங்குவின். பிள்ளை தூங்கிய பிறகு அம்மாவும் பாட்டியும் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். வேலைக்குப் போய்க் களைத்து வரும் அம்மாவின் பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. பல வருடம் அறிவியல் பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது பாடம் இல்லை, அலங்காரம்.

அலங்காரத்திலும் தப்பு. பனிமனிதன் செய்வது ஒலிம்பிக் போட்டியே இல்லை. பெங்குவின் பூமியின் தென்பாதிப் பறவை. 1924இல் பிரான்ஸின் ஷாமோனியில் தொடங்கிய குளிர்கால ஒலிம்பிக் ஒருமுறைகூடத் தென்பாதியில் நடந்ததில்லை. உலகப் படத்தை விரித்து இதைத் தேடச் சொல்லியிருந்தால் அதுவே ஒரு புவியியல் வகுப்பு.

“பனியையே பார்க்காத நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்கிறார்கள் என் வயது நண்பர்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். எரிமலையைப் பார்த்துவிட்டா நாம் எரிமலைப் பாடம் படித்தோம்?

கர்லிங் என்றொரு விளையாட்டு. சுமார் 20 கிலோ கிரானைட் கல்லைப் பனிக்கட்டித் தரையில் நழுவவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே போகிறார்கள். தேய்க்கும் சூட்டில் உராய்வு குறைந்து கல் இன்னும் தூரம் போகிறது. உராய்வுப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? 2018இல் தென்கொரியாவில் இருவர் பாப்ஸ்லெட் போட்டியில் கனடாவும் ஜெர்மனியும் நான்கு ஓட்டங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 16.86 விநாடி. இரண்டும் ஒரே நேரம், இரண்டுக்கும் தங்கம். தசமக் கணக்கு தானாக வரும்.

நம் நாட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார். மணாலிப் பக்கம் வளர்ந்த சிவ கேசவன், அப்பா கேரளத்தவர். சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டிப் பாயும் லூஜ் போட்டிக்காரர். 1998இல் நாகானோவுக்குப் போனபோது வயது 16. 2018 வரை ஆறு ஒலிம்பிக். லூஜ் தடமே இல்லாத நாட்டில், சக்கரம் வைத்த வண்டியில், லாரிகள் போகும் மலைச்சாலையில் பயிற்சி எடுத்தார். எந்தச் சார்ட்டிலாவது அவர் படத்தைப் பார்த்தீர்களா? நான் பார்த்ததில்லை. பெங்குவினுக்குக் கிடைக்கும் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை பேரனோ பேத்தியோ சார்ட் பேப்பர் கேட்டால், ஃபெவிகாலைத் திறக்கும் முன் ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “இதில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?” பதில் வந்தால் நாமும் கூட உட்கார்ந்து உதவுவோம். வராவிட்டால், பஞ்சு தலையணைக்காவது ஆகட்டும்.