முதலீடா, சூதாட்டமா? ஆபிரிக்க இளங்கலைஞரும் கலைச்சந்தையும்

ஆபிரிக்க இளங்கலைஞரின் படைப்புகளை இன்று வாங்கி வைத்தால் நாளை பன்மடங்கு விலைக்கு விற்கலாம் என்னும் அறிவுரை மேலைநாட்டுச் செல்வருக்குத் தாராளமாக வழங்கப்பட்டு வருகிறது. நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்ட ஒரு கண்டத்தின் கலை மதிப்புப் பெறுவது மகிழத்தக்கதே. ஆயினும், இம்முதலீட்டினால் வளர்பவர் யாவர் என்னும் வினாவை எழுப்பாது விடுதல் அறிவுடைமையாகாது.

1984 இல் அக்ராவிற் பிறந்தவர் கானா நாட்டு ஓவியர் அமொவாக்கோ போவாஃபோ. எலுமிச்சைநிற நீச்சலுடை அணிந்த பெண்ணொருத்தியை அவர் 2019 இல் தீட்டினார். 2020 பெப்ரவரியில் அவ்வோவியம் இலண்டனில் ஏலத்துக்கு வந்தது. 30,000 முதல் 50,000 பவுண் வரை பெறுமென மதிப்பிடப்பட்ட அது, கட்டணங்கள் உட்பட 675,000 பவுணுக்கு விலைபோயிற்று. விற்றவர் ஓவியரல்லர், அதனை முன்னர் வாங்கியிருந்த சேகரிப்பாளர். 2021 டிசம்பரில் ஹொங்கொங்கில் போவாஃபோவின் வேறோர் ஓவியம் முப்பது இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட விலையைப் பெற்றது. பின்னர் சந்தை தளர்ந்தது. அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்ட இளம் ஓவியர் பலரின் ஏலவிலைகள் வீழ்ந்தன. ஏற்றத்தின் இலாபம் விற்றவருக்கு. இறக்கத்தின் பழி கலைஞருக்கு.

ஏலத்தாற் கிடைக்கும் புகழ் கலைஞரின் அடுத்த ஓவியத்துக்கும் விலையை உயர்த்துமன்றோ எனச் சிலர் வாதிப்பர். உயர்த்தலாம். ஆனால், விலைபோன பாணியையே மீண்டும் மீண்டும் வரையுமாறு நெருக்குவதும் அச்சந்தையே. தேடவும் தவறவும் உரிய பருவத்தில் கலைஞர் உற்பத்தியாளராக்கப்படுகிறார்.

கானாவின் இன்னொரு கலைஞரான இப்ராகிம் மகாமா, கொக்கோ சுமந்த சணற்சாக்குகளைத் தைத்து இணைத்துப் பெருங்கட்டடங்களைப் போர்த்துபவர். கொக்கோ கானாவில் விளைகிறது. சொக்கலேற்றின் பெரும் இலாபமோ பிற நாடுகளிலே தங்குகிறது. அச்சாக்குகள் நினைவூட்டும் உண்மை இதுவே. ஓவியமும் கொக்கோவைப்போல் மூலப்பொருளாகவே கப்பலேற வேண்டுமா?

மகாமா தம் கலையால் ஈட்டிய பொருளைக் கொண்டு 2019 இல் தமாலே நகரிற் சமகாலக் கலை நிலையமொன்றை நிறுவினார். போவாஃபோ 2022 இல் அக்ராவிற் கலைஞர் தங்கிப் பணியாற்றும் இல்லமொன்றைத் திறந்தார். முதலீடு என்னும் சொல் இவற்றுக்கே பொருந்தும். சேகரிப்பாளர் செய்வது வெறும் கொள்வனவே.

மறுவிற்பனையிற் கலைஞருக்குப் பங்குண்டு என்பதைப் பிரான்சு 1920 இலேயே சட்டமாக்கியது. பிரித்தானியா 2006 இல் நடைமுறைப்படுத்தியது. ஐக்கிய அமெரிக்காவில் நாடளாவிய சட்டம் இன்றும் இல்லை. சட்டமுள்ள நாடுகளிலும் பிறநாட்டுக் கலைஞர் அவ்வுரிமையைப் பெறுவது, அவர்தம் தாயகத்திலும் அத்தகைய சட்டம் இருப்பதைப் பொறுத்ததாகும். எனவே, ஆபிரிக்க அரசுகள் தத்தம் நாடுகளில் இச்சட்டத்தை இயற்றுதல் உடனடிக் கடமையாகும். ஆபிரிக்கக் கலையை நேசிப்பதாகக் கூறும் செல்வர், சட்டம் வரும்வரை காத்திராது, விற்கும்போது படைத்தவரின் பங்கை அவரிடம் சேர்ப்பாராக. அதற்கு உடன்படாதவர் கலையின் புரவலர் என்னும் பெயரைத் துறத்தலே நேர்மை.