கண்ணுக்குத் தெரியும் கோலமும் தெரியாத கோலமும்

நூல் எழுதியவருக்கு நூல் உரிமையாவது போன்று, புதிய வடிவத்தை வகுத்தவருக்கு அவ்வடிவம் உரிமையாதல் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அவ்வுரிமை யாருடைய கையில் சென்று சேருகின்றது என்பதே வினா.

இவ்வகைச் சட்டத்தின் பிறப்பிடம் துணி. பருத்தி, லினன், மஸ்லின் துணிகளில் புதிய அச்சுக்கோலம் வகுத்தோருக்கு 1787இல் இங்கிலாந்து இரண்டு மாத காலத் தனியுரிமை அளித்தது. அதே நாடுதான், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் சென்ற அச்சுத் துணிகளுக்கு 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் இயற்றியிருந்தது. கோலம் நம்முடையது, உரிமைச்சட்டம் அவர்களுடையது!

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு இரு சட்டங்கள் இயற்றப்பெற்றன. ஒன்று வடிவமைப்புச் சட்டம். பொருளின் உருவம், கோலம், வண்ணச் சேர்க்கை ஆகியவற்றைக் கண்ணால் மட்டுமே கண்டு மதிப்பிட வேண்டும் என்பது அதன் விதி. முதலில் பத்தாண்டு, பின்னர் ஐந்தாண்டு நீட்டிப்பு. கணிப்பொறிச் சில்லுக்குள் அடங்கிய மின்சுற்றின் கோலமோ கண்ணுக்குப் புலப்படாதது. அழகுக்காக அன்றிப் பயனுக்காக வரையப்படுவது. ஆதலின் அதற்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. அதன் காவல் பத்தாண்டு. அமெரிக்கா 1984இலேயே இத்தகைய சட்டம் செய்துவிட்டது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு ஓர் ஓரவஞ்சனை விளங்கும். சில்லின் சுற்றமைப்பைச் சந்தையில் விற்கத் தொடங்கி இரண்டாண்டு வரையிலும் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். துணியின் கோலமோ, விண்ணப்பிக்குமுன் வெளியாகிவிட்டால் அன்றே பதியும் தகுதியை இழக்கிறது. அரசு அறிவிக்கை பெற்ற கண்காட்சிக்கு மட்டும், முன்னறிவிப்புக் கொடுத்தால், ஆறு மாதச் சலுகை உண்டு. சுற்றமைப்பைத் திருடியவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமுண்டு. கோலத்தைத் திருடியவரோ ஒரு குற்றத்திற்கு 25,000 ரூபாய்க்கு மேற்படாமலும், ஒரு கோலத்திற்கு மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேற்படாமலும் செலுத்தினால் போதும். அதற்கு மாறாக இழப்பீடு கோரி வழக்காடலாம் என்பது உண்மையே. ஆனால் மாவட்ட நீதிமன்றத்திற்குக் கீழ்ப்பட்ட மன்றத்தில் அவ்வழக்கைத் தொடுக்க இயலாது. தறியை விட்டு நீதிமன்றப் படியேற எந்த நெசவாளருக்கு இயலும்?

பத்தமடையை எண்ணிப் பாருங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையைப் பட்டென மெலிதாகக் கிழித்துப் பாய் நெய்வோருள் பெரும்பாலோர் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்மக்கள். அப்பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அஃது ஊரின் பெயரைக் காக்கும். நேற்று ஒரு பெண் தானே கற்பித்த புதிய கோலத்தை அது காவாது. அவர் பாயை வணிகர் கடையில் விரித்து விற்ற அன்றே அக்கோலம் ஊருக்குப் பொதுவாகிவிடும்.

மரபுக் கோலங்களைத் தனியார் கைப்பற்றிவிடுவர் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் நியாயமானது, ஆயினும் புதியது அல்லாததைப் பதியக்கூடாது என்னும் விதி அதற்கு விடையளிக்கிறது.

2024 நவம்பரில் ரியாத் நகரில் ஏற்கப்பெற்ற வடிவமைப்புச் சட்ட உடன்படிக்கை, கோலம் வெளியான பின்னும் பன்னிரண்டு மாதம் விண்ணப்பிக்க இடமளிக்கிறது. அவ்விதியை நம் சட்டத்தில் முதலில் சேர்த்தல் வேண்டும். அதுவரை, வரைகலையும் நெசவும் அறிந்த மாணவ மாணவியர், தம் கோலத்தைக் கல்லூரிக் கண்காட்சியில் வைக்குமுன்னர்ச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் அளித்துவிடுவதே தக்கது.