மூன்று கைகளும் ஒரு கதையும்

சிரில் ஸ்மித், ஃபிலிஸ் செல்லிக் என்னும் ஆங்கிலேயப் பியானோ இணையரைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அது பெரும்பாலும் ஒரே செய்தியில் அடங்கிவிடுகிறது. கணவரின் இடக்கை செயலிழந்தது. மனைவியின் துணையோடு மூன்று கைகளால் வாசித்து அவர் மீண்டும் மேடையேறினார். இச்செய்தியில் பொய் ஏதுமில்லை. ஆயினும், இதனையே திரும்பத் திரும்பச் சொல்வதால் அவ்விருவருக்கும் நீதி செய்தவர்களாகிறோமா என்னும் ஐயம் நமக்குண்டு. மன உறுதியின் கதையாக மட்டும் இதனைச் சொல்லும்போது இரண்டு மறைந்துபோகின்றன. ஒன்று, ஃபிலிஸ் செல்லிக் என்னும் தனிப்பெரும் கலைஞர். மற்றொன்று, அவர்கள் வாசித்த இசை.

முதலில் செல்லிக்கைப் பார்ப்போம். 1911-இல் பிறந்த அவர் லண்டன் ராயல் அகாடமியில் பயின்று, பின்னர் பாரிஸில் இசிதோர் ஃபிலிப்பிடம் பாடம் கேட்டவர். மைக்கேல் டிப்பெட்டின் முதல் பியானோ சொனாட்டாவை 1938-இல் முதன்முதலாக அரங்கேற்றியவர் அவரே. அன்று டிப்பெட் பெரிதும் அறியப்படாத இசையமைப்பாளர். புதியவர் ஒருவரின் கடினமான படைப்பைக் கையிலெடுத்து அவைக்குக் கொண்டுவரும் துணிவு எல்லாக் கலைஞர்க்கும் வாய்ப்பதன்று. ஹேண்டலின் கருப்பொருளொன்றை வைத்து டிப்பெட் எழுதிய ஃபேன்டேசியாவையும் 1942-இல் அவரே முதலில் வாசித்தார். வில்லியம் வால்டனின் 'சின்ஃபோனியா கன்செர்டான்டே' 1945-இல் வால்டனின் நடத்துகையிலேயே ஒலிப்பதிவானபோது பியானோவில் அமர்ந்தவரும் செல்லிக்தான். இத்தகைய ஒருவரைத் 'துணை' என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிட முடியுமா?

சிரில் ஸ்மித் 1909-இல் மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். ரஹ்மானினோவின் கான்செர்ட்டோக்களை வாசிப்பதில் பெயர் பெற்றவர். 1937-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். இணையராக அவர்கள் ப்ராம்ஸ் மேடையில் தோன்றியது 1941-இல். லண்டனின் புகழ்பெற்ற குயின்ஸ் ஹால் அரங்கம் அவ்வாண்டு மே மாதம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்து அழிந்தது. அதனால் ப்ராம்ஸ் கச்சேரிகள் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு இடம் மாறியிருந்தன. போர்க்காலத்தில் தொடங்கிய இக்கூட்டு வாழ்வு விரைவிலேயே இசையமைப்பாளர்களைக் கவர்ந்தது. ரால்ஃப் வான் வில்லியம்ஸின் பியானோ கான்செர்ட்டோ 1933-இல் அரங்கேறியபோது, அதன் பியானோப் பகுதி ஒருவர் தாங்குவதற்குப் பளுவானது எனப் பலர் கருதினர். அது இரண்டு பியானோக்களுக்கென மாற்றியமைக்கப்பட்டு 1946-இல் இவ்விணையரின் கைகளில் ஒலித்தது. லெனாக்ஸ் பெர்க்லி 1948-இல் இரண்டு பியானோக்களுக்கான கான்செர்ட்டோ ஒன்றை இவர்களுக்காகவே எழுதினார்.

இரண்டு பியானோக்களைச் சேர்த்து வாசிப்பதன் அருமையை இவ்விடத்தில் சற்று விளக்கவேண்டும். வயலினில் வில் தந்தியைத் தழுவி ஒலியை மெல்ல எழுப்பலாம். இருவர் சேர்ந்து வாசிக்கையில் இம்மியளவு பிந்தினாலும் அது ஒலியின் உள்ளே கரைந்துவிடக்கூடும். பியானோவிலோ சுத்தியல் தந்தியைத் தட்டுகிறது. தட்டிய கணமே ஒலியின் உச்சம். அதன்பின் அது தேய்ந்துகொண்டே போகும். ஆகவே இருவருள் ஒருவர் கணப்பொழுது பிந்தினாலும் ஒரு சுரம் இரண்டாகச் சிதறிக் கேட்கும். வாசிப்பவர்களோ எதிரெதிரே அமர்ந்திருப்பார்கள். ஒருவர் முகம் மற்றவர்க்குத் தெரியும், விரல்கள் தெரியா. மூச்சைக் கேட்டு வாசிக்கும் கலை இது என்றால் மிகையாகாது. பதினைந்து ஆண்டுக் காலம் இப்பயிற்சியில் ஊறியவர்கள் இவ்விருவரும் என்பதை நினைவில் கொள்க. பின்னர் நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இது இன்றியமையாதது.

1956-ஆம் ஆண்டு ஆங்கிலேய இசைக்கலைஞர் குழுவொன்று சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. குழுவின் தலைவர் இசையமைப்பாளர் ஆர்தர் பிளிஸ். அச்சுற்றுப்பயணத்தின்போது ஸ்மித்துக்கு இரத்தக்கட்டால் பக்கவாதம் ஏற்பட்டது. அவரது இடக்கை செயலற்றுப் போயிற்று. அப்போது அவருக்கு வயது 46.

ஒற்றைக்கைப் பியானோ கலைஞர்கள் வரலாற்றில் இல்லாமலில்லை. தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைனின் தமையனான பால் விட்கென்ஸ்டைன் முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். அவருக்காக மோரிஸ் ரவேல் எழுதிய இடக்கைக்கான கான்செர்ட்டோ 1932-இல் வியன்னாவில் அரங்கேறியது. ஆனால் ஸ்மித்துக்கு எஞ்சியது வலக்கை. கேட்பவர்க்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். பியானோவின் முன் அமர்ந்தவர்க்கு அது பெரும் வேறுபாடு. இடக்கையைக் கட்டைகள்மீது விரித்து வைத்தால் வலிமை மிக்க பெருவிரல் மேல்ஸ்தாயிப் பக்கம் அமைகிறது. அது மெட்டைப் பாட, ஏனைய விரல்கள் கீழே ஆதார ஒலியைத் தாங்கும். வலக்கையில் இது தலைகீழ். மெட்டு, வலுக்குறைந்த மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் போய்ச் சேரும். கீழ்ஸ்தாயியை எட்ட உடலின் குறுக்கே கையை நீட்டவேண்டும். இடக்கைக்கெனத் தனி இலக்கியமே இருக்க, வலக்கைக்கென எழுதப்பட்டவை மிகச் சிலவாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. தனித்து வாசிக்கும் வழி ஸ்மித்துக்கு ஏறத்தாழ அடைபட்டிருந்தது. இருவராக வாசிக்கும் வழியே திறந்திருந்தது.

அவ்வழியும் எளிதன்று. நான்கு கைகளுக்கான படைப்பிலிருந்து ஒரு கையின் பகுதியை அப்படியே நீக்கிவிட்டால் எஞ்சுவது ஓட்டை விழுந்த துணி. எனவே ஒவ்வொரு படைப்பையும் பிரித்துப் போட்டு மறுபடி நெய்யவேண்டியிருந்தது. ஸ்மித்தின் இடக்கை ஏந்தியிருந்த ஆதார சுரங்களுள் எவற்றைச் செல்லிக் ஏற்பது, அவ்வாறு ஏற்பதால் அவர் கைவிடநேரும் எதனை ஸ்மித்தின் வலக்கைக்கு மாற்றுவது, எந்தச் சுரத்தைப் பெடலால் தொங்கவிட்டுக் கையை வேறிடத்துக்கு அனுப்புவது என்று பக்கத்துக்குப் பக்கம் முடிவுகள் தேவைப்பட்டன. இது மருத்துவமும் அன்று, இரக்கமும் அன்று. உரையாசிரியர் பணிக்கு நிகரான நுண்பணி. மூலத்தின் பொருள் கெடாமல் வேறு சொற்களில் அதைச் சொல்லும் வித்தை. இதில் மூன்றில் இரண்டு கைகள் செல்லிக்கினுடையவை என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

1958-இல் ஸ்மித்தின் தன்வரலாறு வெளிவந்தது. 'மூன்று கைகளுக்கான இருவரிசை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1960-களின் இறுதியில் மூன்று கைகளுக்கென்றே படைப்புகள் பிறந்தன. சோவியத் பயணத்தில் உடனிருந்த ஆர்தர் பிளிஸின் இரட்டைப் பியானோ கான்செர்ட்டோ 1968-இல் மூன்று கைகளுக்கு மாற்றப்பட்டது. கார்டன் ஜேக்கப் ஒன்று எழுதினார். 1969-இல் மால்கம் அர்னால்ட் எழுதிய கான்செர்ட்டோ ப்ராம்ஸில் அரங்கேறியது. மூன்று பகுதிகளும் சேர்ந்து கால்மணி நேரத்துக்கும் குறைவாகவே நீளும் படைப்பு அது. அதில் அழுகை இல்லை. நடுப்பகுதி கூச்சமின்றிக் கனிந்து பாடுகிறது. இறுதிப்பகுதி ரும்பா நடனத்தின் தாளத்தில் குதூகலிக்கிறது. நோயுற்ற நண்பருக்கு இரங்கற்பா எழுதாமல் ஆட்டத்துக்கான இசையை எழுதிக் கொடுத்த அர்னால்டின் மனத்தை நாம் வணங்குகிறோம். அந்த இணையரை முழுமையான கலைஞர்களாக அவர் மதித்திருக்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே மறுப்பொன்று எழலாம். ஸ்மித்தின் கை செயலிழந்திராவிடில் இப்படைப்புகளே தோன்றியிரா. அப்படியிருக்க, அந்தத் துன்பத்தை ஒதுக்கிவிட்டு இசையை மட்டும் பேசுவது எங்ஙனம்? நேர்மையான கேள்விதான். துன்பத்தை மறைக்கவேண்டும் என்பது நம் வாதமன்று. ஒரு படைப்பு தோன்றிய காரணம் வேறு. அதன் மதிப்பு வேறு. கவிஞனின் வறுமையைச் சொல்லியே கவிதைக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தால் விளையும் கேட்டை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். கண்ணீர் காய்ந்ததும் கவிதையும் மறக்கப்படும். ரவேலின் இடக்கைக் கான்செர்ட்டோவை இன்று இரு கைகளும் நலமாயுள்ளவர்கள் வாசிக்கிறார்கள். விட்கென்ஸ்டைனின் காயத்தை அறியாதவரும் அதில் திளைக்கமுடிகிறது. அர்னால்டின் படைப்பையும் டேவிட் நெட்டில், ரிச்சர்ட் மார்க்கம் என்னும் இணையர் பின்னாளில் ஒலிப்பதிவு செய்தனர். நான்கு கைகள் இருந்தும் மூன்றால் வாசிக்க அவர்களைத் தூண்டியது இரக்கமாக இருக்க வழியில்லை.

1971-இல் இருவருக்கும் ஓ.பி.இ. விருது வழங்கப்பட்டது. 1974-இல் ஸ்மித் மறைந்தார். செல்லிக் அதன்பின் 33 ஆண்டுகள் வாழ்ந்தார். ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் மாணவர்களுக்குக் கற்பித்தார். 2007-இல் தம் 95-ஆம் வயதில் காலமானார். இணையர் என்ற சொல்லுக்குள் அடங்காத நீண்ட வாழ்வு அது. டிப்பெட்டை அரங்கேற்றிய இளம்பெண்ணும், நான்கு கைகளின் இசையை மூன்றுக்கு நெய்த நடுவயதினரும், இளையோர்க்கு வழிகாட்டிய முதியவரும் ஒருவரே.

அர்னால்ட், பிளிஸ் ஆகியோரின் கான்செர்ட்டோக்களை இவ்விணையரே வாசித்து, பர்மிங்ஹாம் இசைக்குழுவை அர்னால்ட் நடத்த, 1970-இல் பதிவான ஒலித்தட்டு உண்டு. நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதைக் கேட்கும்போது எந்தக் கை எவருடையது என்று எண்ண முயலுங்கள். சிறிது நேரத்தில் கணக்குத் தப்பும். கணக்குத் தப்பவேண்டும் என்பதற்காகவே இருவரும் அத்தனை ஆண்டுகள் உழைத்தனர்.