கதவில் உட்கார்ந்த கங்காணி

என் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே ஒரு கண். செங்கல்பட்டில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஐந்தடி நடைபாதைதான். எதிர்வீட்டுக்காரர் போன வருஷம் கேமரா வைத்த அழைப்பு மணி மாட்டினார். மணியை அமுக்கவே வேண்டாம். ஆள் அசைந்தால் போதும், அவர் செல்போனில் படம் விழும். பேசினால் பேச்சும் விழும். அது பார்ப்பது அவர் கதவை அல்ல, என் கதவை.

நான் வங்கி எழுத்தர். பகல் முழுக்க கேமராவுக்குக் கீழே உட்கார்ந்து காசு எண்ணுகிறவன். அந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும்: காசை. இது எதைப் பார்க்கிறது?

ஒரே மாதத்தில் தெரிந்துபோனது. "சார், ஞாயித்துக்கிழமை கறுப்புக் கவர்ல என்னமோ வாங்கியாறீங்களே, எந்தக் கடை?" என்றார். அடுத்த வாரம், "நீலத் துண்டு போட்ட பசங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வர்றாங்க போலிருக்கே." சாதியை அவர் கேட்கவே இல்லை. படித்தவர், கேட்க மாட்டார். கொஞ்சம் திருப்பி மாட்டுங்க சார் என்றேன். "பாதுகாப்புக்குத்தானே சார், தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?" பத்தாம் நாள் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. மத்தவங்கதான் ஒரு மாதிரி சொல்றாங்க. வேற எடம் பாத்துக்கயேன்."

தோழர்களே, இது புதுக் கதையா? 1917இல் பரோடாவில், கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதித்தான் ஒரு பார்சி விடுதியில் தங்க முடிந்தது. பதினோராம் நாள் கம்புகளோடு கும்பல் வந்து நீ யாரென்று கேட்டது. அன்றைக்குக் கண்டுபிடிக்கப் பத்து நாள் ஆனது. இன்றைக்கு ஒரு மணிப் பொத்தானுக்குப் பத்து நிமிஷம் போதும்.

பூக்கோ படித்த நண்பர்கள் சிறைக் கோபுரத்தைப் பற்றிப் பேசுவார்கள். நமக்குக் கோபுரம் எதற்கு, ஊர்த் திண்ணை போதாதா? யார் செருப்போடு போனான், யார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை என்று கணக்கெடுத்த திண்ணை. இதே செங்கல்பட்டில் 1891இல் கலெக்டராயிருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். சேரிக் குடிசை நிற்கும் மனையே மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்தால் காலி பண்ணு. 1892இல் பஞ்சமி நில ஆணை அதைத் தொடர்ந்துதான் வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் இதே ஊரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். மனை போய் மாடி வந்துவிட்டது. "காலி பண்ணு" மட்டும் போகவில்லை.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாய் எழும்பியிருக்கிற மதில் வைத்த குடியிருப்புகளைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கப் போகிற நம் அக்காமார் கேட்டில் ஒரு பதிவு, கதவில் ஒரு படம். ஒரு தோடு காணாமல் போனால் முதலில் ஓட்டிப் பார்ப்பது அவர்கள் முகத்தைத்தான். கூலி பாக்கிக்குச் சாட்சியாக அதே படத்தை அக்கா கேட்டால் கொடுப்பார்களா?

கேமரா நமக்கும் சாட்சிதானே என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். படம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நான்கு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாதபோது சாதி சொல்லித் திட்டினால், வன்கொடுமைச் சட்டம் சொல்லும் 'பொதுப் பார்வை'யில் அது வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாம் கறி வாங்கி வந்தால் பார்க்க ஆயிரம் கண். நம்மை இழிவுபடுத்தினால் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை!

சட்டம் இல்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணன் தம்பி வழக்கில், சேர்ந்து வாழ்பவரின் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா ஓடக்கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொன்னது; உச்ச நீதிமன்றமும் மே மாதம் அதில் தலையிட மறுத்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நீதிமன்றம் 2021இலேயே, பக்கத்து வீட்டாரின் பேச்சைப் பிடித்த அழைப்பு மணிக்காரரைத் தரவுச் சட்டத்தை மீறியவர் என்றது. நம் நாட்டு 2023 தரவுச் சட்டமோ, தனியாள் தன் வீட்டுக் காரியத்துக்குச் செய்வதை விலக்கிவிட்டது. என் கதவு எப்படி அவருக்கு வீட்டுக் காரியம்?

எனவே நம் கோரிக்கை சின்னது. கண் தன் வாசலை மட்டும் பார்க்கட்டும். பொது நடைபாதையில் பேச்சைப் பதியாதே. எதிர்க் கதவைப் பார்ப்பதானால், சொந்தக்காரனிடம் மட்டுமல்ல, வாடகைக்காரனிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கு. குறித்த நாளில் படத்தை அழி. வாட்ஸ்அப் குழுவில் போட்டவனுக்குத் தண்டனை கொடு. படத்தில் இருப்பவர் கேட்டால், அவர் பாத்திரம் தேய்ப்பவரானாலும், படத்தைக் கொடு. சங்கத்துக்குச் சங்கம் இதை எழுதி நீட்டுங்கள் தோழர்களே.

நான் வீட்டைக் காலி செய்யவில்லை. மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் எதைக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது என்பது என் இஷ்டம். அந்த இஷ்டத்துக்குப் பெயர்தான் சுயமரியாதை.