கணப்புச் சட்டி வேண்டாம் சித்தி!

போன மார்கழியில் ஊட்டியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் பல் தந்தியடித்தது. சித்தி ஓர் இரும்புச் சட்டியில் கரி நெருப்பை அள்ளி வந்து படுக்கையறை நடுவே வைத்தார். ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கிச் சாத்தியாச்சு.

"புகை அடங்கினப்புறம்தான் உள்ளே கொண்டாந்தேன். ஒண்ணும் பண்ணாது" என்றார்.

இந்த நம்பிக்கைதான் ஆபத்து! புகை அடங்கினாலும், கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. மலைக்குச் சுற்றுலா போனவர்கள், சமைத்து மிஞ்சிய நெருப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி, காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று செய்தி படிக்கிறோமே... காரணம் இதுதான்.

சண்டை போட்டுச் சட்டியை வெளியே வைத்தேன். "அப்ப என்னைக் குளிர்ல சாகச் சொல்றியா?" என்றார் சித்தி.

நியாயமான கேள்வி. குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். குளிர்ப் பிரதேச வீடுகளுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கும் கொஞ்சம் மேலே தேவைப்படலாம்.

உடனே எல்லோரும் ஓடுவது ஹீட்டர் வாங்க. 2,000 வாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட்! அந்தச் சூடாவது நிற்கிறதா? சித்தி வீட்டுக் கதவுக்கு அடியில் விரல் நுழையும். தலைக்கு மேல் வெறும் தகரம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். முதலில் ஓட்டையை அடையுங்கள், அப்புறம் சூடு பண்ணுங்கள் என்பது என் கட்சி.

லடாக்கில், லே நகரத்துப் பக்கம் ஃபே கிராமத்தில் 'செக்மோல்' என்ற பள்ளி வளாகம் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 15 டிகிரிக்குப் போகிற ஊர். அங்கே கட்டடங்கள் தெற்கு பார்த்தவை. அந்தப் பக்கத்தில் பாலிதீன் போர்த்தி வெயிலைப் பிடிக்கிறார்கள். தடித்த மண்சுவர் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரியில் வெளியே விடுகிறது.

ஊட்டிக்கு அவ்வளவு வேண்டாம். தகரத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங், அதன்மேல் கிளாஸ் வூல் அல்லது ராக் வூல். (தெர்மோகோல் மலிவுதான், தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?) கதவு, ஜன்னல் விளிம்புகளில் ரப்பர் பீடிங். பகலில் வெயிலை உள்ளே விட்டு, பொழுது சாய்ந்ததும் கனமான திரை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் 'ஹாட் அண்ட் கோல்ட்' இன்வெர்டர் ஏ.சி. வெளிக்காற்றில் இருக்கும் சூட்டையே உறிஞ்சி உள்ளே தள்ளுவதால், 1 யூனிட் கரண்டுக்குச் சுமார் 3 யூனிட் சூடு தரும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

ஆனால் ஒன்று. வீட்டை இப்படி அடைத்த பிறகு, உள்ளே கரி நெருப்பு, கேஸ் ஹீட்டர், கேஸ் கீசர் எதுவும் கூடவே கூடாது. சந்து வழியே வந்த காற்றும் நின்றுவிடுகிறதே! சமைக்கும்போது சமையலறை ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அன்று ராத்திரி வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிச் சித்தியின் கால்மாட்டில் வைத்தேன். அந்தத் தண்ணீரைச் சுட வைக்கக் கால் யூனிட்கூட ஆகியிருக்காது. காலையில் எழுந்ததும் சித்தி ஆசாரிக்குப் போன் போட்டார், கதவின் அடிச்சந்தை அடைக்க.